மாமா அனுப்பிய மணல்

நவம்பர் 5, சனி

தொட்டி வந்துவிட்டது. ஆன்றோவின் பம்பு கம்பெனியில் ஒருவர் புனேவுக்கு மாற்றலாகிப் போகிறார். போகிற போக்கில் மூன்றடிக் கண்ணாடித் தொட்டியை இரும்பு ஸ்டாண்டோடு எங்கள் தலையில் கட்டிவிட்டார். லிஃப்டில் நுழையவில்லை. ஆன்றோவும் வாட்ச்மேன் செல்லமுத்து அண்ணனும் மூன்று மாடி தூக்கி வந்தார்கள். நான் நீராவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு திருப்பத்திலும் "பார்த்து, பார்த்து" என்று சொல்லிக்கொண்டே பின்னால் ஏறினேன். "நீங்க சொல்றதுலதான் அக்கா கை நடுங்குது" என்றார் செல்லமுத்து அண்ணன்.

இதில் கடல் மீன் வளர்க்கப் போகிறோமாம். கோயம்புத்தூரில்.

"நல்ல தண்ணி மீன் வளர்த்தா ஆகாதா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் மீனா?" என்றார். கன்னியாகுமரிக் கடற்கரையில் பிறந்தவரிடம் கேட்கக் கூடாத கேள்விதான்.

நான் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. இந்தக் கிறிஸ்துமஸுக்காவது பேத்தியைக் கூட்டிக்கொண்டு ஆன்றோவின் ஊரான தாழந்துறைக்கு வரச் சொல்லி, அவருடைய அப்பா, என் மாமா போன் செய்திருக்கிறார். போன கிறிஸ்துமஸுக்கு நீராவுக்குச் சளி. ஈஸ்டருக்கு எனக்குத் தலைவலி. இந்த முறை சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. "கடலே வீட்டுக்கு வந்துட்டா நாம எதுக்கு அங்க போகணும்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். ஆன்றோ சிரிக்கவில்லை. டேப்பை எடுத்துத் தொட்டியை அளந்தார்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: மணலை நான்தான் தேர்ந்தெடுப்பேன். மற்றதெல்லாம் கண்ணாடிக்குள் இருக்கும். மணல் அப்படியில்லை. கையில் ஒட்டும், கண்ணில் விழும், வாய்க்குள் போகும். நீராவுக்கு இரண்டேகால் வயது. அவளுக்கு மணல் என்றாலே பிடிக்காது.

நவம்பர் 7, திங்கள்

எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தது கடைசியில் இதற்குப் பயன்படுகிறது.

இன்று படித்ததன் சுருக்கம். ஆற்று மணல் கூடாது. கட்டட வேலைக்கு வரும் எம்-சாண்டை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. சுண்ணாம்புச் சத்துள்ள மணல் வேண்டும், அதாவது பவளமும் சிப்பியும் உடைந்து தூளானது. அதுதான் உப்புத் தண்ணீரின் காரத்தன்மையை நிலையாக வைத்திருக்குமாம். சர்க்கரை மாதிரி நைசாக இருந்தால் பம்பின் வேகத்தில் பறந்து தொட்டி முழுக்கப் புழுதியாகும். கல் உப்பு மாதிரி பெரிதாக இருந்தால் இடுக்குகளில் அழுக்கு தங்கி நாறும். ரவைக்கும் ஜவ்வரிசிக்கும் நடுவில் ஏதோ ஒன்று வேண்டும்.

ஆன்றோவிடம் சொன்னேன். "உப்புமாவா கிண்டப் போற?" என்றார்.

அம்மா கோபியிலிருந்து பேசினாள். "ஊட்டுக்குள்ள கடலா? ஏஞ்சாமி, கொழந்த இருக்கற ஊட்டுல?" என்று பதறினாள். அம்மாவை நான் தைரியப்படுத்தியது என் வாழ்க்கையில் இதுவே முதல் தடவை.

நவம்பர் 12, சனி

உக்கடத்தில் மீன் கடைக்குப் போனோம். கடைக்காரப் பையன் ரியாஸ் நல்ல வாயாடி. டப்பா டப்பாவாக மணல் வைத்திருந்தான்: வெள்ளை, லேசான ரோஜா நிறம், சாம்பல், கருப்பு.

"இது வாயில போட்டா ஒண்ணும் ஆகாதில்ல?"

"கோபின்னு ஒரு மீன், மணலை வாயில போட்டுச் சலிச்சுத் துப்பும் அக்கா. அதுக்கு நல்லது."

"மீனைக் கேக்கல தம்பி. என் பொண்ணைக் கேக்கறேன்."

அவன் நீராவைப் பார்த்தான். "பாப்பா துப்புமா?"

"துப்பாது. முழுங்கிரும்."

"அப்ப பாப்பாவை மூடி போட்டு வைங்க அக்கா, தொட்டியைத் திறந்து வைங்க" என்றான். ஆன்றோ கடைக்கு வெளியே போய் நின்று சிரித்தார்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது நீரா என் இடுப்பிலிருந்து நழுவி, வெள்ளை மணல் இருந்த டப்பாவுக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டுவிட்டாள். விட்டுவிட்டு ஒரே சிரிப்பு. பிடுங்கித் தூக்கியதும் கடையே அதிர அலறினாள். மணல் பிடிக்காததால்தான். பயத்திலும் குழந்தைகள் சிரிக்கும் என்று எங்கோ படித்திருக்கிறேன்.

எல்லா மணலிலும் ஒரு பிடி கவரில் கட்டி வாங்கி வந்தேன்.

நவம்பர் 13, ஞாயிறு

இட்லித் தட்டு இதற்காகவே செய்யப்பட்டது போல இருக்கிறது. ஒவ்வொரு குழியிலும் ஒரு மணலைப் போட்டு, மேலே வினிகரை விட்டேன். சுண்ணாம்புச் சத்து இருந்தால் நுரைக்க வேண்டும். வெள்ளை மணல் சோடா மாதிரி பொங்கியது. ரோஜா நிறம் சுமாராக முணுமுணுத்தது. கருப்பு அசையவே இல்லை. வெறும் சாயம் பூசிய கல்!

பிறகு கதவைச் சாத்திக்கொண்டு வெள்ளை மணலில் ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. இதை ஆன்றோவிடம் சொல்லப் போவதில்லை.

நவம்பர் 14, திங்கள்

காலையில் இட்லி நறநறத்தது. ஆன்றோ ஒரு இட்லியை மென்று முடித்தார். பிறகு, "எங்க ஊரு மாதிரியே இருக்கு" என்றார்.

நவம்பர் 16, புதன்

மணலை அரிசி களைவது போலக் களைந்தேன். சிங்க் அடைத்துக்கொண்டது. பிளம்பர் வந்து போனார். மேற்கொண்டு எழுதத் தெம்பில்லை.

நவம்பர் 19, சனி

"கொஞ்சம் சாமான் பஸ்ஸுல போட்டு விட்டுருக்கேன்" என்று மாமா நேற்று ஆன்றோவுக்குச் சொன்னாராம். கருவாடாகத்தான் இருக்கும் என்று நினைத்து, பக்கத்து வீட்டு மாமிக்கு முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டு வைத்தேன். ஊதுபத்திகூடத் தயார்.

செல்லமுத்து அண்ணன் ஒரு சாக்கைத் தோளில் சுமந்து வந்து பொத்தென்று போட்டார். "அரிசியா அக்கா? இந்தக் கனம் கனக்குது!" சாக்கின் மேல் உண்மையிலேயே ஏதோ பொன்னி அரிசி என்றுதான் அச்சிட்டிருந்தது.

பிரித்தால், மணல். கருப்பும் சிவப்பும் கலந்து மினுமினுக்கும் தாழந்துறை மணல். தொட்டி வாங்கிய செய்தியை ஆன்றோ சொல்லியிருக்கிறார். மகன் வீட்டுத் தொட்டியில் கடை மணலா என்று நினைத்து, மாமாவே கரையில் அள்ளி, சலித்து, வெயிலில் காயவைத்து, சாக்கு தைத்து அனுப்பியிருக்கிறார்.

ஆன்றோ ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோனார்.

நான் உள்ளே போய்த் துவைத்த துணிகளை மடித்தேன். மடித்ததையே இன்னொரு முறை மடித்தேன்.

நவம்பர் 20, ஞாயிறு

சாக்கு பால்கனியில் இருக்கிறது. நீரா பிரிட்ஜில் ஒட்டியிருந்த மீன் வடிவக் காந்தத்தைப் பிடுங்கிக்கொண்டு போய் சாக்குக்குள் போட்டுவிட்டாள். கையை விட்டுத் துழாவி எடுத்தேன். மீனுக்கு மீசை முளைத்திருந்தது! தாடியும் முளைத்திருந்தது. கருப்பு மணல் சிலிர்த்துக்கொண்டு ஒட்டியிருந்தது. தட்டினாலும் விழவில்லை.

"மீசை! தாத்தா!" என்றாள் நீரா. மாமாவைப் பார்த்து ஒன்றேகால் வருஷம் ஆகிறது. வீடியோ காலில்தான் அந்த மீசையைத் தெரியும்.

ஆன்றோவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பம்பு டிசைன் செய்கிறவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தொட்டி பம்புக்குள் சுற்றுவதே காந்தம்தான். இந்த மணலைப் போட்டால் அது துகளை எல்லாம் இழுத்து வைத்துக்கொண்டு ஒரே வாரத்தில் இறுகி நின்றுவிடும். வினிகர் விட்டும் பார்த்தேன். ஒரு முனகல்கூட இல்லை.

"அப்பாகிட்ட நீயே சொல்லிரு" என்றார் ஆன்றோ.

"நானா? உங்க அப்பா!"

"மணல் உன் டிபார்ட்மென்ட்."

கோபம் வந்தால்தான் நான் அவரை 'ஏனுங்க' என்பேன். இன்று, "ஏனுங்க, நீங்க ஆம்பளதானுங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் காந்தத்தை வாயின் மேல் வைத்து மீசையாகக் காட்டினார். நீரா உருண்டு உருண்டு சிரித்தாள்.

நவம்பர் 24, வியாழன்

மாமா இரண்டு முறை போன் செய்தார். அவர் ஊர்ப் பேச்சில் நான் 'மக்களே'. "மண்ணு போட்டாச்சா மக்களே?" "இன்னும் தண்ணி ரெடியாகல மாமா." தண்ணீர் ரெடிதான்.

நீரா நாள் முழுக்கப் பால்கனியில் அந்தச் சாக்கோடுதான் இருக்கிறாள். ஒரு பழைய டிரேயில் கொட்டிக் கொடுத்துவிட்டேன். காந்தத்தை முக்கி மீசை வைப்பது, வழிப்பது, மறுபடி மீசை வைப்பது. தலையில் மணல், காதில் மணல். தூக்கப் போனால் என் கையைத் தள்ளிவிடுகிறாள்.

பிடிக்காது என்று நான் எழுதியது போன வருஷத்து நீராவைப் பற்றி. பிள்ளைகள் மாறும்.

நவம்பர் 27, ஞாயிறு

இன்று சொல்லிவிட்டேன்.

நான்தான் கூப்பிட்டேன். சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். ஆனால் மழை, ஆன்றோவின் வேலை, நீராவின் பல் என்று சுற்றோ சுற்று என்று சுற்றிவிட்டுத்தான் வந்தேன்.

"மாமா, நீங்க அனுப்புன மணல்ல இரும்பு இருக்குங்க மாமா. காந்தத்துல ஒட்டுது. பம்பு நின்னு போயிரும். தொட்டிக்கு ஆகாதுங்க."

அந்தப் பக்கம் கடல் சத்தம் கேட்டது. மீன்பிடிக்கப் போகும் தன் வள்ளத்துப் பக்கத்தில் நின்று பேசுகிறார் போல.

"இரும்பா?" என்றார். "அம்பது வருசமா அதுலதான் நடக்குதேன் மக்களே. அதான் காலு ரெண்டும் இப்பிடிக் கனக்குதாக்கும்!" என்று பெரிதாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கு உயிர் வந்தது.

"பாறைக்கு அந்தப் பக்கம் வெள்ளையாட்டு சிப்பித் தூளு ஒதுங்கிக் கெடக்கும். அது ஆவுமா?"

"ஆகலாம் மாமா. வினிகர் விட்டுப் பாக்கணும். பருமனும் பாக்கணும்."

"எனக்கு அதெல்லாம் எங்கன தெரியும்? எனக்கு மண்ணுன்னா மண்ணு. நீ வந்து பாத்தாத்தான் உண்டு." குரல் இறங்கிவிட்டது. "நீ வரமாட்ட. எனக்குத் தெரியும் மக்களே. எம்மேல கோவம் இருக்கும். நானாக்குமே ஒன்னத் தண்ணிக்கிட்ட கூப்பிட்டேன்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

அதை இங்கே எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பெரிய விஷயமில்லை. நீரா அப்போது ஒரு வயதுகூட ஆகாத குழந்தை. ஆடி மாதக் கடல். "பிள்ளை காலை நனச்சிட்டுப் போ மக்களே" என்றார் மாமா. நீராவை எடுத்துக்கொண்டு ஈர மணலில் நின்றேன். ஒரு அலை வந்து திரும்பியபோது காலுக்கடியில் இருந்த மணல் சரசரவென்று உருவிக்கொண்டு போனது. தரையே போவது போல. விழுந்துவிட்டேன். நீரா ஒரு கணம் தண்ணீருக்குள். அடுத்த கணம் மாமா அவளைத் தூக்கிவிட்டார். அவள் தும்மினாள். பிறகு சிரித்தாள். அவ்வளவுதான். என் மெரூன் செருப்பில் ஒன்று கடலோடு போனது. மீதி ஒன்று இன்னமும் எங்கள் செருப்பு ஸ்டாண்டில் இருக்கிறது. ஏன் தூக்கிப் போடவில்லை என்று ஆன்றோ அடிக்கடி கேட்பார். மறந்துவிட்டேன் என்பேன்.

மாமா மேல் எனக்குக் கோபமா? எனக்கு அவர் கைதான் ஞாபகம் இருக்கிறது. அந்த வேகம். இத்தனை நாள் அவர் இப்படி நினைத்துக்கொண்டா இருந்தார்? சளி, தலைவலி என்று நான் சொன்ன ஒவ்வொன்றையும் அவர் இப்படியா எடுத்துக்கொண்டார்?

"கோபமெல்லாம் இல்லைங்க மாமா" என்றேன். என் வாய் அதோடு நிற்கவில்லை. "கிறிஸ்துமஸுக்கு வரேன். மணல் பாக்கணுமில்ல."

போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது.

டிசம்பர் 3, சனி

ரியாஸ் கடையில் வெள்ளை மணலே ஒரு மூட்டை சொல்லிவிட்டேன். ரவைக்குக் கொஞ்சம் மேலே. ஆக, தாழந்துறைக்குப் போகத் தேவையே இல்லை.

இதை ஆன்றோவிடம் சொன்னேன். "டிக்கெட் போட்டாச்சு" என்றார், லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே.

டிசம்பர் 23, வெள்ளி

எடுத்து வைத்தவை: நீராவுக்கு மூன்று ஸ்வெட்டர் (தாழந்துறையில் வியர்க்கும் என்கிறார் ஆன்றோ), காய்ச்சல் மருந்து, சளி மருந்து, வாந்தி மருந்து, கைப்பிடி வைத்த மிதவை வளையம், வினிகர் பாட்டில், மீன் காந்தம்.

"கல்யாணத்துக்குக்கூட நீ இவ்வளவு எடுத்துக்கல" என்றார்.

டிசம்பர் 25, ஞாயிறு

தாழந்துறை. கிறிஸ்துமஸ். மீன், மீன், மீண்டும் மீன். நீரா மாமாவின் மீசையைப் பார்த்ததும் பையிலிருந்த காந்தத்தை எடுத்து அதில் ஒட்டிப் பார்த்தாள். ஒட்டவில்லை. ஏமாற்றத்தில் அழுதாள். "நரைச்சுப் போச்சுல்லா, இரும்பு போயிட்டு" என்று மாமா சமாதானம் சொன்னார்.

நான் இன்னும் கரைக்குப் போகவில்லை. வீட்டு வாசலிலிருந்தே கடல் தெரிகிறது. தெரிகிற வரைக்கும் போதும்.

டிசம்பர் 27, செவ்வாய்

காலையில் மாமா, "மண்ணு பாக்கப் போவமா மக்களே?" என்றார். நான் நீராவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, வினிகர் பாட்டிலோடு கிளம்பினேன். ஆன்றோ பின்னால் வந்தார். ஆன்றோவின் அக்கா, பிறீடா மதினி வந்தாள். வலை பிரித்துக்கொண்டிருந்த இரண்டு பேர், வேலையை விட்டுவிட்டுக் கூடவே வந்தார்கள்.

பாறைக்கு அந்தப் பக்கம் கடல் சின்னக் குட்டை போல அடங்கி இருந்தது. அலை கணுக்கால் உயரம்கூட இல்லை. கரையோரம் வெள்ளையாக ஒரு பட்டை. குனிந்து ஒரு பிடி அள்ளினேன். சிப்பித் தூள், சங்குத் துண்டு, எங்கோ தேய்ந்து வழவழப்பான ஏதேதோ. காந்தத்தை ஓட்டினேன். ஒட்டவில்லை! வினிகரை விட்டேன்.

பொங்கியது. சர்ரென்று நுரைத்தது.

"எம்மா! மண்ணு கொதிக்குதுலா!" என்று கத்தினாள் மதினி. மாமா மண்டியிட்டு, என் உள்ளங்கைக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டார். "சத்தம் போடுது கேட்டியா!" என்றார். வலைக்காரர்களில் ஒருவர், "அத ஊறுகாய்க்குல்ல ஊத்துவாவ" என்றார். மற்றவர், "கோயம்புத்தூர்ல மண்ணுக்கே ஊறுகாய் போடுதாவ போல" என்றார். நான் பருமன் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். மேலே கிடந்தது பெரிது. கையளவு தோண்டினால் சின்னது. தண்ணீர்ப் பக்கம் போகப் போக இன்னும் சீராக, எனக்கு வேண்டியது போலவே இருந்தது. ஒவ்வொரு இடமாகக் குந்தி, தோண்டி, விரலில் தேய்த்து, அடுத்த இடம்.

இரண்டு கையாலும் தோண்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டு கையாலும்.

நிமிர்ந்து பார்த்தேன். எப்போது இறக்கிவிட்டேன் என்றே தெரியவில்லை. நீரா எனக்கு நாலடி தள்ளி ஈர மணலில் நின்றுகொண்டிருந்தாள். மாமா அவளுக்கு ஒரு கை தூரத்தில், அவளைத் தொடாமல், ஆனால் கண்ணெடுக்காமல் உட்கார்ந்திருந்தார். ஓர் அலையின் நுனி வந்து அவள் பாதத்தை நனைத்துவிட்டுத் திரும்பியது. எனக்குத் தெரியும் இப்போது என்ன ஆகும் என்று. கத்த வாயெடுத்தேன்.

அவள் குனிந்து தன் காலையே பார்த்தாள். "அம்மா, மண்ணு ஓடுது" என்றாள். பிறகு கடலைப் பார்த்து அதிகாரமாக, "இன்னொக்கா!" என்றாள்.

கடல் கேட்டது. இன்னொரு அலை வந்தது.

போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அவளைத் தூக்கத்தான் போனேன். ஆனால் தூக்க முடியவில்லை. கால் இரண்டும் கணுக்கால் வரைக்கும் புதைந்து, நட்டு வைத்தது போல நின்றாள். என் காலுக்கடியிலும் மணல் உருவியது. பாதம் கொஞ்சம் இறங்கியது, அவ்வளவுதான். அடுத்த அலையில் இன்னும் கொஞ்சம். விழவில்லை. நின்றுகொண்டே இருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஆன்றோ போட்டோ எடுத்தார். அதில் நான் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன். ஆனால் நிற்கிறேன்.

திரும்பி வரும்போது மாமா வள்ளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஓலைக் கொட்டகைக்குள் போனார். எதையோ முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்து, தயங்கித் தயங்கி நீட்டினார்.

என் செருப்பு.

"மூணாம் நாளு மேற்கே ஒதுங்கிக் கெடந்துது மக்களே. எடுத்து வச்சேன். அனுப்பலாம்னு பாத்தேன். மருமவளுக்குச் செருப்பு அனுப்பினான்னு நாலு பேரு பேசினா நீ என்ன நெனப்ப? எங்கன நெனச்சாலும் தப்பால்லா இருக்கு. செரி, மண்ணாவது அனுப்புவோம்னு அனுப்பினேன். அதுலயும் இரும்பாப் போச்சு."

மதினி சிரிக்க ஆரம்பித்தாள். ஆன்றோ சிரித்தார். நானும்தான் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போது கண்ணில் மணல் விழுந்துவிட்டது.

ஜனவரி 8, ஞாயிறு

தொட்டியில் மணல் போட்டாயிற்று. அடியில் ரியாஸ் கடை வெள்ளை. மேலே, நான் தேர்ந்தெடுத்து எடுத்து வந்த ஒரு டம்ளர் தாழந்துறைச் சிப்பி மணலைத் தூவினேன். இரண்டு நாள் பால் மாதிரி கலங்கிக் கிடந்தது. இன்று காலையில் தெளிந்துவிட்டது. மீன் விட இன்னும் சில வாரம் ஆகும். அதுவரைக்கும் வெறும் மணலையே உட்கார்ந்து பார்க்கிறோம். அலுக்கவில்லை.

வீடியோ காலில் மாமாவுக்குக் காட்டினேன். "இதுல நம்ம மண்ணு எது?" என்று கேட்டார்.

"மேல கிடக்கறது பூரா நம்ம மணல்தாங்க மாமா."

"அந்த இரும்பு மண்ண என்ன செஞ்ச? தூரப் போட்டாச்சா?"

போனைப் பால்கனிப் பக்கம் திருப்பினேன். கருமணல் டிரேயில் நீரா இரண்டு வள்ளம் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒன்று வெயிலிலும் உப்பிலும் வெளிறிப்போனது, மற்றது இன்னும் மெரூன் நிறம் மாறாதது. ஒரே ஜோடி என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

மாமா பார்த்தார். சிரித்தார். பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு, போகிற போக்கில் கேட்பது போல, "ஈஸ்டருக்கு வருவியளா மக்களே?" என்றார்.

"வரோங்க மாமா" என்றேன். "இந்தத் தடவை செருப்பை உங்க வீட்டு வாசல்லயே கழட்டி வெச்சுட்டுக் கடலுக்கு வரேன்."